தோட்டத்துச் சாளைக்கு பேட்டரி கேமரா: வாங்கலாமா, வயரே இழுத்துவிடலாமா?

குண்டடத்தான்
எல்லோருக்கும் வணக்கமுங்க. குண்டடம் பக்கம் எங்கள் தோட்டம். அப்பாவும் அம்மாவும் மட்டும் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், இருக்கிறார்கள், நான் வேலைக்காக ஓசூரில். ஊருக்குள் வீடெடுத்து வந்துவிடுங்கள் என்றால் "மாட்டை யார் பார்ப்பது?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டில் மூன்று பேர், அடுத்த வருசம் சிவகிரி பக்கம் வயதான தம்பதி என்று கொலை செய்யப்பட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் எந்த ஒறம்பரை (சொந்தக்காரர்) வீட்டுக்குப் போனாலும் கேமரா பேச்சுத்தான்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தார் ரோட்டிலிருந்து இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகிற தடம்) வழியாக உள்ளே வந்தால் கேட். கேட்டிலிருந்து நூறடியில் சாளை, பக்கத்தில் மாடு கட்டுகிற கட்டுத்தரை. கிணறும் மோட்டார் ரூமும் நானூறு அடி தள்ளி. போன வருசம் மோட்டார் கேபிளை வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். சாளையில் இன்டர்நெட் இருக்கிறது.

கடையில் பேட்டரி கேமரா காட்டினார்கள். வயர் வேண்டாம், சோலார் பேனல் கூடவே வரும், ஒரு சார்ஜில் 300 நாள் நிற்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. நம்பலாமா?

வயர்மேன்_தாராபுரம்
தம்பி, நான் கேமரா மாட்டுகிற ஆள், அதனால் வயருக்குத்தான் பேசுவான் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் மாட்டுகிறேன். ஆனால் இரண்டும் ஒரே வேலை செய்யும் என்று வாங்குகிறவர்கள்தான் பிறகு என்னைத் திட்டுகிறார்கள்.

வயர் கேமரா இருபத்துநாலு மணி நேரமும் பதிவு செய்துகொண்டே இருக்கும். பேட்டரி கேமரா படுத்துக் கிடக்கிற நாய் மாதிரி. ஏதாவது அசைந்தால்தான் தலையைத் தூக்கும், பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். அது விழித்துப் பதிவைத் தொடங்க ஒரு நொடியோ அதற்கு மேலோ ஆகும். நடந்து வருகிறவன் மாட்டுவான். வண்டியில் விருட்டென்று போகிறவனுக்கு முதுகும் பின் சக்கரமும்தான் கிடைக்கும். விழிப்பதற்கு முந்திய ஐந்து நொடி வேண்டுமென்றால் எங்கே போவது? சில உயர்ந்த மாடல்களில் விழிப்பதற்கு முந்தியதையும் பதிகிற வசதி உண்டு, அதற்குப் பேட்டரியைத் தின்னக் கொடுக்க வேண்டும்.

என் கணக்கு இதுதான். கரண்ட் இருக்கிற இடத்தில் வயர். கரண்ட் இல்லாத இடத்தில் பேட்டரி. சாளை வாசலுக்கும் கட்டுத்தரைக்கும் வயர் இழுங்கள். கேட்டையும் மோட்டார் ரூமையும் பிறகு பேசலாம்.

பொங்கலூர்_பண்ணை
அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் தோட்டங்காட்டில் வயருக்கென்று ஒரு வம்பு இருக்கிறது, அதைச் சொல்லவில்லை. எங்கள் கோழி செட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே கம்பம் நட்டு வயர் இழுத்தோம். அந்த வருசம் சித்திரை மழையில் பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது, மேலே விழவே இல்லை. வயரில் ஏறிய கரண்டில் கேமரா, ரெக்கார்டர், டிவி எல்லாம் ஒரே நேரத்தில் போயின. நீளமாகச் செம்புக் கம்பி வெளியில் தொங்கினால் இது இருக்கவே செய்யும்.

இப்போது செட் வாசலில் பேட்டரி கேமராதான். தீவன வண்டி எப்போது வந்தது, கோழி பிடிக்கிற ஆட்கள் எத்தனை மணிக்கு ஏற்றினார்கள் என்று போனிலேயே தெரிகிறது. அதற்கு இருபத்துநாலு மணி நேரப் பதிவு எதற்கு?

வயர்மேன்_தாராபுரம்
ஏனுங்க, இடிக்குப் பயந்தால் ஃபைபர் இழுக்கலாம், கண்ணாடி நாரில் கரண்ட் ஏறாது. நெட்வொர்க் வயர் என்றாலும் நூறு மீட்டருக்கு மேல் ஒரே நீளத்தில் இழுக்கக் கூடாது. மண்ணுக்குள் பைப் போட்டு இழுத்து, இரண்டு முனையிலும் திடீரென்று ஏறுகிற கரண்டைத் தடுக்கிற சர்ஜ் தடுப்பான் வைத்து, எர்த்தும் நன்றாகப் போட்டால் பாதி சேதம் குறையும். எங்கே, எர்த் குழி வெட்டச் சொன்னாலே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

கணக்குப்புள்ள_ஈரோடு
300 நாள் விவகாரத்தை யாரும் தொடவில்லை. பெட்டியில் இருப்பது பொய்யில்லை, ஆனால் யாருடைய 300 நாள் என்று பார்க்க வேண்டும்.

10,000 மில்லி ஆம்பியர் பேட்டரி என்றால் 3.6 வோல்ட் கணக்கில் 36 வாட்-மணி. கேமரா விழித்து, பதிவு செய்து, வைஃபையில் அனுப்பும்போது ஏறக்குறைய 2 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடாமல் ஓட்டினால் 18 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அவ்வளவுதான் அதற்குள் இருக்கும் சரக்கு.

இப்போது ஒரு பதிவு 20 நொடி என்று வையுங்கள். ஒரு நாளைக்குப் பத்து தடவை விழித்தால் மூன்று நிமிடம் சொச்சம். 18 மணி நேரத்தை அதால் வகுத்தால் 300 நாளுக்கு மேல் வருகிறது. தூங்கும்போது எடுக்கிற கொஞ்சத்தைக் கழித்தாலும் பெட்டிக்காரன் கணக்கு ஏறக்குறைய சரி. அதே கேமராவை இட்டேரியில் போகிற வருகிற எல்லாரையும் பார்க்கிற மாதிரி வைத்து, நாளைக்கு நூறு தடவை விழித்தால்? ஒரு மாதம்.

இன்னொன்று. ஓசூரில் உட்கார்ந்துகொண்டு அம்மா என்ன செய்கிறார் என்று தினம் அரை மணி நேரம் நேரலையில் பார்த்தீர்களென்றால், வேறொன்றும் நடக்காமலே 36 நாளில் பேட்டரி காலி. பார்ப்பதற்குப் போன் போட்டுப் பேசலாம், அம்மாவுக்கும் சந்தோசம்.

வைஃபை சிக்னல் ஒற்றைக் கோட்டில் இருந்தால் இதுவும் மோசமாகும். அனுப்ப முடியாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும்.

குண்டடத்தான்
அந்த நேரலை விசயம் நெஞ்சில் குத்துகிறதுங்க. அதற்காகத்தான் முக்கியமாக வாங்க நினைத்தேன்.

சோலார் பேனல் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லையே?

கணக்குப்புள்ள_ஈரோடு
நம்மூர் வெயிலுக்கு 3 வாட் பேனல் நல்ல நாளில் நாலு மணி நேர நேர்வெயில் வாங்கினால் 12 வாட்-மணி. தேய்மானம் எல்லாம் கழித்து எட்டு, ஒன்பது தேறும். சாதாரண உபயோகத்துக்குத் தாராளம். ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில்தான் இழுக்கும். அதைவிட, தூசி. உங்கள் பக்கம் ஆடிக் காற்றுக்கு ஒரு வாரத்தில் பேனல் மேல் விரலால் பேர் எழுதலாம்.

பட்டிக்காரன்_வெள்ளகோவில்
ஆட்டுப் பட்டிக்கு இதை வைக்கலாமா? எங்கள் பக்கம் திருடனைவிட நாய்தான் பெரிய தொந்தரவு. ராத்திரி பட்டிக்குள் புகுந்து கடித்துப் போட்டுவிட்டுப் போய்விடுகின்றன. காலையில் போனால் குட்டியும் தாயுமாகக் கிடக்கும். நிவாரணம் கேட்டுப் போனால் நாய்தான் கடித்தது என்பதற்கு என்ன அத்தாட்சி என்கிறார்கள். பட்டி கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) இருக்கிறது, கரண்டும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை.

பொங்கலூர்_பண்ணை
சிம் போடுகிற 4ஜி கேமரா இருக்கிறது அண்ணா, சோலாரோடு. டவர் கிடைக்கிறதா என்று முதலில் உங்கள் போனை வைத்து அதே இடத்தில் நின்று பாருங்கள். அந்த சிம்முக்கு 28 நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்ய மறந்தால் கேமரா இருந்தும் இல்லாத மாதிரிதான். டேட்டா ரொம்ப ஆகாது. 20 நொடிப் பதிவு இரண்டு, மூன்று எம்பிதான். நேரலை பார்த்தால்தான் கரையும்.

முக்கியமாக, ஆப்பில் "மனிதர் மட்டும்" என்று ஒரு தேர்வு இருக்கும். எல்லோரும் அதைப் போடச் சொல்வார்கள். நீங்கள் போட்டுவிடாதீர்கள், நாய் வந்தால் சொல்லாது. ஆனால் போடாவிட்டால் உங்கள் ஆடு அசைகிறபோதெல்லாம் சொல்லும். அதனால் கேமராவைப் பட்டிக்குள் பார்க்க வைக்காமல், படலுக்கு வெளியே கிளுவை வேலி ஓரமாக, நாய் நுழைகிற இடைவெளியைப் பார்த்து வையுங்கள்.

மயிலாட்டம்
நாய் பரவாயில்லை. மயிலுக்கு என்ன வழி? எங்கள் தோட்டத்தில் கேமரா வைத்ததிலிருந்து விடியக்காலை ஐந்தரைக்கு வரிசையாக அலர்ட். திருடன் என்று எழுந்து பார்த்தால் தோகை விரித்துக்கொண்டு நிற்கிறது. சைரன் அடித்தோம். முதல் நாள் ஓடியது. இப்போது சைரன் அடித்தால் கூடவே அகவுகிறது.

வயர்மேன்_தாராபுரம்
மயிலுக்கு மருந்து இல்லைங்க. ஆப்பில் பகுதி வரைந்து, தரையோரத்தை விட்டுவிட்டுப் பார்க்கச் சொல்லலாம், அதிலும் கொஞ்சம் தப்பும்.

இந்த சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அது படத்தைப் பார்ப்பதில்லை, சூட்டைப் பார்க்கிறது. பின்னணியைவிடச் சூடான ஒன்று குறுக்கே நகர்ந்தால் விழிக்கும். இதிலிருந்து நாலு விசயம் வருகிறது.

சென்சாரை நோக்கி நேராக நடந்து வருபவனை அது தாமதமாகத்தான் கண்டுபிடிக்கும், குறுக்கே கடப்பவனைச் சட்டென்று பிடிக்கும். அதனால் கேமராவை இட்டேரியின் நேர் எதிரில் வைக்காமல் ஒரு ஓரமாகச் சாய்த்து, தடம் படத்தில் கோணலாக ஓடுகிற மாதிரி வையுங்கள். குறுக்கே நகர்வதும் தெரியும், ஆள் படத்துக்குள் கொஞ்ச நேரம் நிற்கவும் செய்வான்.

சித்திரை மத்தியானத்தில் சுவரும் தரையும் மனுசத் தோலின் சூட்டுக்கு வந்துவிடும். அப்போது சென்சாருக்கு வித்தியாசமே தெரியாது. பகலில் கேமரா மந்தமாக இருக்கிறது என்று எனக்குப் போன் வருவதெல்லாம் அந்த மாதங்களில்தான். ராத்திரி தரை குளிர்ந்தால் சரியாகிவிடும்.

கண்ணாடி வழியாக வேலை செய்யாது. ஜன்னலுக்கு உள்ளே வைத்து வெளியே பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

அப்புறம் சிலந்தி. ராத்திரி எரிகிற அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்ஸ் முன்னால் வலை கட்டினால் அந்த வெளிச்சத்தில் படம் பூராவும் வெள்ளையடித்த மாதிரி இருக்கும். மாதம் ஒருமுறை துணியால் துடைக்க ஆள் வேண்டும். அதனால் ஏணி வைத்தால் எட்டுகிற உயரம், கையால் எட்டாத உயரம். எட்டு முதல் பத்தடி.

மயிலாட்டம்
பாம்பு வந்தால் சொல்லுமா அண்ணா? கட்டுத்தரையில் அதுதான் பயம்.

வயர்மேன்_தாராபுரம்
சொல்லாது. பாம்பின் உடம்பு தரைச் சூட்டிலேயே இருக்கும், சென்சாருக்கு அது தரைதான். டார்ச் லைட்டை நம்புங்கள்.

காலேஜ்ரோடு_அக்கா
திருப்பூரில் சின்னதாக ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். செக்கிங், அயர்ன், பேக்கிங். வாடகைக் கட்டிடம், சுவரைத் துளைக்க ஓனர் விடமாட்டார். அதனால் பேட்டரி கேமராதான் வைத்தேன். கம்பெனிக்கு இது எங்கே உதவுகிறது, எங்கே உதவவில்லை என்று சொல்கிறேன்.

ராத்திரி ஷட்டர் போட்ட பிறகு உள்ளே யாராவது அசைந்தால் போன் கத்துகிறது. இதில் குறை சொல்லவே முடியாது. பகலில் சுத்தமாக ஆகாது. முப்பது பேர் வேலை செய்கிற இடத்தில் அது தூங்குவதே இல்லை, நாலு நாளில் சார்ஜ் போய்விட்டது. பீஸ் குறைகிறது, கட்டு மாறிப் போகிறது என்று பார்க்க வேண்டுமென்றால் வயர் கேமராதான் வேண்டும். காலை எட்டு முதல் ராத்திரி எட்டு வரை அணைந்திருக்கிற மாதிரி நேரம் குறித்துவிட்டேன்.

இன்னொரு விசயம் யாரும் பேசவில்லை. எங்கள் காம்பவுண்டிலேயே வடக்கத்திப் பிள்ளைகள் தங்குகிற லைன் வீடு இருக்கிறது. கேமரா மாட்டிய பையன் வாசலை நன்றாகக் காட்டுகிறேன் என்று அவர்கள் தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்துக் காட்டிவிட்டான். பெண் பிள்ளைகள் குளிக்கப் போகிற வழி. அன்றைக்கே திருப்பச் சொன்னேன். ஆப்பில் அந்தப் பக்கத்தைக் கறுப்படித்து மறைக்கவும் முடியும், அதையும் செய்தேன். ஒலிப்பதிவையும் நிறுத்திவிட்டேன். என் கம்பெனியில் யார் என்ன பேசுகிறார்கள் என்று எனக்கு எதற்கு?

கோர்ட்டுவாசல்
அக்கா செய்தது நல்ல காரியம் மட்டுமில்லை, சட்டப்படியும் அவசியம். குளிப்பது போன்ற அந்தரங்கச் செயலில் இருக்கும் பெண்ணைப் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவில் குற்றம். அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமில்லாமல் படமெடுப்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66இ தனியாக இருக்கிறது. "தெரியாமல் பதிவாகிவிட்டது" என்று வாதாட வேண்டிய நிலைமையே வரக் கூடாது.

பட்டிக்காரர் அத்தாட்சி கேட்டார் அல்லவா? வீடியோவை வாட்ஸப்பில் அனுப்பினால் அது சுருங்கிவிடும், மூலக் கோப்பு ஆகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியைக் கருவியை வைத்திருப்பவர் தர வேண்டும், இன்னொரு பகுதியை நிபுணர் தர வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் எண்ணும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டுகிற எண்) வரும். இதெல்லாம் வழக்கு என்று போனால்தான். ஆனால் அதற்குத் தயாராக மெமரி கார்டை அப்படியே கழற்றி எடுத்து வையுங்கள், அதன் மேலேயே மறுபடி பதிவாக விடாதீர்கள். கேமராவில் தேதியும் மணியும் சரியாக ஓடுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். தேதி அமைக்காமல் விட்டு 1970 என்று காட்டுகிற வீடியோவை வைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கும்போதும் ஒன்று. 2025 ஏப்ரல் 9 முதல் இங்கே விற்கிற கண்காணிப்பு கேமராக்களுக்கு மத்திய அரசு புதிய பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பேரே கேள்விப்படாத மலிவுச் சரக்கை ஆன்லைனில் எடுத்தால், உங்கள் வீட்டு வாசலை வேறு எவன் பார்க்கிறான் என்று உங்களுக்குத் தெரியாது. வந்தவுடன் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாட்ட வந்த பையனின் போன் உங்கள் கணக்கில் சேர்ந்திருந்தால் நீக்குங்கள்.

தோட்டங்காட்டான்
இவ்வளவு நேரமாக எல்லோரும் சென்சார், வாட், சட்டம் என்று பேசுகிறீர்கள். நான் கேட்கிறேன்: ராத்திரி இரண்டு மணிக்கு ஓசூரில் போன் கத்துகிறது. எடுத்துப் பார்த்தால் சாளை வாசலில் மூன்று பேர் நிற்கிறார்கள். அப்புறம் என்ன செய்வீர்கள்?

குண்டடத்தான்
அதுதான் எனக்கும் பயம்.

தோட்டங்காட்டான்
பயப்பட வைக்கக் கேட்கவில்லை மாப்ள. கேமரா வாங்குவதற்கு முன்னால் அந்த அலர்ட் யார் யார் போனுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பெரும்பாலான ஆப்பில் நாலைந்து பேரைச் சேர்க்கலாம். பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி, உங்களோடு பேச்சுவார்த்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர்தான் பத்து நிமிடத்தில் வரக்கூடிய ஆள். வரப்புத் தகராறை ஒரு டீக்குப் பேசி முடித்துவிட்டு அவர் போனில் ஆப்பை ஏற்றுங்கள். 112ஐயும் காவல் உதவி ஆப்பையும் எல்லோர் போனிலும் வைத்திருங்கள். உங்கள் எல்லை எந்த ஸ்டேசன், அந்த ஸ்டேசன் நம்பர் என்ன என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓசூரிலிருந்து 112 அடித்தால் நீங்கள் சொல்கிற இட விவரம் தெளிவாக இருக்க வேண்டும். சாளை இருக்கிற இடத்தின் லொக்கேசனைப் பங்காளிக்கும் போலீசுக்கும் அனுப்பத் தயாராக வையுங்கள், இட்டேரிக்குள் ராத்திரியில் வழி கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

இன்னும் ஒன்று. கரண்ட் போனால் உங்கள் ரூட்டர் அணைந்துவிடும். கேமரா பேட்டரியில் உயிரோடு இருக்கும், ஆனால் யாரிடமும் சொல்லாது. திருட வருகிறவன் முதலில் ஃபியூஸைத்தான் பிடுங்குவான். ரூட்டருக்கென்று சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது, அதை முதலில் வாங்குங்கள். கேமரா அதற்கு அடுத்து.

பொங்கலூர்_பண்ணை
இதை ஆமோதிக்கிறேன். அதோடு கேமராவையே கழற்றிக்கொண்டு போனால் உள்ளே இருக்கிற கார்டும் போய்விடும். பதிவு சாளைக்குள் இருக்கிற பெட்டியில் சேருகிற மாடல், இல்லையென்றால் மாதக் கட்டணம் கட்டி இன்டர்நெட்டில் சேமிக்கிற கிளவுட், இரண்டில் ஒன்று வேண்டும்.

குண்டடத்தான்
எல்லோருக்கும் நன்றிங்க. முடிவு செய்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

சாளை வாசலுக்கும் கட்டுத்தரைக்கும் வயர் கேமரா, ரெக்கார்டர் உள் ரூமில் பீரோவுக்குப் பின்னால். ரூட்டருக்கும் ரெக்கார்டருக்கும் யுபிஎஸ். கேட்டுக்குப் பேட்டரி கேமரா, நூறடிக்கு வைஃபை எட்டுகிறதா என்று போனை வைத்துப் பார்த்துவிட்டேன், கேட் தூணில் மூன்று கோடு காட்டுகிறது. மோட்டார் ரூமுக்கு சிம் கேமரா சோலாரோடு. கேட் கேமரா அலர்ட் எனக்கு, தங்கச்சி மாப்பிள்ளைக்கு, பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பாவுக்கு. அப்பாவிடம் பட்டன் போன்தான். அதனால் கட்டில் பக்கத்தில் ஒலிக்கிற மாதிரி பெல் ஒன்று, கேட் கேமராவோடு சேர்ந்து வேலை செய்கிற மாடலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெரியப்பாவிடம் பேசிவிட்டேன். வரப்பு விசயம் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஆப்பை ஏற்று என்றார்.

மோட்டார் ரூம் மேலே தகர ஷீட். கேமராவையும் பேனலையும் ஷீட் மேலேயே மாட்டிவிடலாமா?

வயர்மேன்_தாராபுரம்
பேனலை மாட்டுங்கள், கேமராவை மாட்டாதீர்கள். லித்தியம் பேட்டரி 45 டிகிரிக்கு மேல் சூடானால் சார்ஜ் ஏறக் கூடாது, நல்ல கேமரா தானாகவே நிறுத்திவிடும். வெயிலில் காய்கிற ஷீட்டை ஒட்டி வைத்தால் உச்சி வெயிலில், பேனல் நன்றாகக் கொடுக்கிற நேரத்தில்தான் சார்ஜ் ஏறாமல் நிற்கும். கேமராவைக் கூரை நிழலில், வடக்கு அல்லது கிழக்குச் சுவரில் வையுங்கள். பேனலைத் தெற்குப் பார்த்துக் கொஞ்சமாகச் சாய்த்தால் போதும், மழைத் தண்ணீர் வழிந்து தூசியையும் கழுவிக்கொண்டு போகும். இரண்டுக்கும் நடுவே வருகிற வயரை நேராக கேமராவுக்குள் இறக்காமல், கேமராவுக்குக் கீழே தொங்குகிற மாதிரி ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றிச் செருகுங்கள். இல்லையென்றால் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விடும்.

ஸ்க்ரூவை முடுக்கும்போது ஆடிக் காற்றை நினைத்துக்கொண்டு முடுக்குங்கள். பிடிப்பு ஆடினால் கேமரா எதைப் பார்க்கும் என்று எனக்கே தெரியாது.